முனியம்மா பேரில் ஒரு கட்டு விறகு

மாடே இல்லாத ஊருக்குப் போய், சாணமும் வைக்கோலும் புற்றுமண்ணும் குழைத்துப் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் ஒருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. திண்டுக்கல் பக்கம் ஒரு சங்கத்தில் நான் அடுப்புப் பயிற்சியாளர். அதுவரை கட்டியதெல்லாம் தொழுவமும் கிணறும் உள்ள வீடுகளில். இப்போது பழவேற்காடு ஏரிக்குள் ஒரு மீனவக் குப்பம். நான் ஏதோ கப்பலேறிப் போகிறவள் மாதிரி அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காரணம் இதுதான். ஏரியைப் பறவைச் சரணாலயம் ஆக்கிவிட்டார்கள். கரையில் விறகு வெட்டக் கூடாது. சரி, வெட்டாதே என்றால் சனங்கள் எதை எரிக்கும்? யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து, குறைந்த விறகில் எரியும் அடுப்பைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எழுதிவிட்டார். அந்தக் காகிதத்தின் நுனியில் தொங்கிக்கொண்டு நான் போனேன். கையில் அடுப்பு வார்க்க ஒரு தகர அச்சு, புகை போக ஆறு கல்நார்க் குழாய்கள், ஒரு கோணிப்பை. குப்பத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அவர்கள் தலையில்தான் விடியும்.

முதல் நாளே பேருந்து காலை வாரியது. பொன்னேரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் படபடவென்று ஒரு சத்தம். நடத்துநர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், பீடி பற்றவைத்தார், "அவ்ளோதான், எறங்கிக்கங்க" என்றார். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்ட ஒரு கிழவரோடு பெரிய தகராறு. நானும் கிழவர் பக்கம் சேர்ந்து கொஞ்சம் கத்தினேன். பலனில்லை. கடைசியில் அந்த வழியாக வந்த ஒரு காலி லாரியில் குழாய்களோடு ஏறினேன்.

"சவுக்கு ஏத்தப் போறேம்மா" என்றார் ஓட்டுநர். "மெட்ராஸ் ஓட்டலுக்குப் போவுது. தெனம் நாலு வண்டி, அஞ்சு வண்டி."

"இந்தப் பக்கம் விறகு வெட்டக் கூடாதுன்னு சட்டமாச்சே?"

"அது காட்டு மரத்துக்குமா. இது தோப்பு. மெட்ராஸ்ல கீற தொரைங்க தோப்பு. சீல் வெச்ச சீட்டு கீது, பாக்கறியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் இரண்டு குழாய்கள் உடைந்தன.

பழவேற்காட்டில் படகுக்குக் காத்திருந்தபோது ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பாய். டீயும் கல் மாதிரி ஒரு பொறை ரொட்டியும் கொடுத்தார். தோய்த்துத் தின்றால் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் டீயை விட இனிப்பு இரண்டு மடங்கு. எதற்கு வந்தேன் என்று கேட்டார், சொன்னேன்.

"குப்பத்துக்கு அடுப்பா?" கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அடுப்பு அவங்க கிட்ட கீதும்மா. எரிக்கத்தான் ஒண்ணும் இல்ல."

அப்போதே திரும்பியிருக்கலாம். படகுக்காரன் கூப்பிட்டுவிட்டான்.

ஏரி என்றால் ஆழமாக இருக்கும் என்று நினைத்துப் பயந்துகொண்டு ஏறினேன். பாதி வழியில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. "எறங்கி ஒரு கை குடுங்க" என்றான் படகுக்காரன். ஏரிக்கு நடுவில், முழங்கால் சேற்றில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகு தள்ளினேன். என் செருப்பு ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கமாகப் போன ஒரு படகில் இரண்டு ஆட்கள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எங்களோடு வந்த மீன்காரப் பெண்மணி எனக்கு மொழிபெயர்த்தாள்: "'தரையில ஒழுங்கா நடக்கத் தெரியாததுங்க எல்லாம் தண்ணில இன்னாத்துக்கு வருதுங்க'ன்றான்." சிரித்தாலும் அவர்களே கயிறு எறிந்து எங்களை இழுத்துவிட்டார்கள். ஏரியின் வடக்குப் பக்கம் ஆந்திரா. அவர்களுக்கும் எங்கள் படகுக்காரனுக்கும் விறகைப் பற்றித்தான் பேச்சு. அதையும் அவள் சொன்னாள்: "அவங்க பக்கமும் இதே சட்டமாம். 'பறவைக்கு ரெண்டு கவர்மெண்டு கீது, நமக்கு ஒண்ணு கூட இல்ல'ன்றான்."

குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. நான் தங்கவேண்டிய வீடு அஞ்சலை அக்காவுடையது. நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, குரல் மட்டும் ஊருக்குக் கேட்கும். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய படகு கவிழ்த்துக் கிடந்தது. அவர் புருஷன் கன்னியப்பன் அதன் அடிப்பலகையைப் பெயர்த்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வேறு பலகை வாங்கக் காசு கூடிவராததால் படகு ரொம்ப நாளாக வெயிலில் காய்கிறதாம்.

"நீதான் அடுப்பம்மாவா?" என்றார் அஞ்சலை அக்கா. "மொதல்ல துன்னு. அப்பால அடுப்பு."

சோறும் மடவை மீன் குழம்பும். மாங்காய் போட்டிருந்தார். எங்கள் பக்கம் மீன் என்றால் குளத்து மீன், எப்படிக் கழுவினாலும் சேற்று வாடை போகாது. வீட்டில் மீன் என்றாலே மூக்கைச் சுளிக்கும் நான் மூன்று முறை சோறு வாங்கினேன். அம்மாவின் புளியோதரையைக் கோழிகள் தின்றன.

மறுநாள் காலையில் மண் தேடிப் புறப்பட்டேன். எங்கே கை வைத்தாலும் மணல். ஏரிப்பக்கம் களிமண் இருந்தது, ஆனால் உப்புக் களி. பிசைந்து வைத்தால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. வைக்கோலுக்கு எங்கே போவது? நெல்லே இல்லை. சாணத்துக்கு? ஒரே ஒரு ஆடு இருந்தது, அதுவும் என்னைக் கண்டு ஓடியது. என் பயிற்சிப் புத்தகத்தை எழுதியவன் மட்டும் அங்கே கிடைத்திருந்தால் அந்த உப்புக் களியை அவன் தலையில் அப்பியிருப்பேன். பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். "மண்ணு வெடிக்குது, நீயும் வெடிக்கிற" என்று ஒருத்தி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அச்சை ஓரமாக வைத்துவிட்டு, "சரி, நீங்கள் எதைத்தான் எரிக்கிறீர்கள், காட்டுங்கள்" என்றேன். அஞ்சலை அக்கா இடுப்பில் செருகியிருந்த ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு என்னை வடக்குக் கரைக்குக் கூட்டிப் போனார். அங்கே காடு என்று அவர்கள் சொன்னது முழுக்க வேலிக்காத்தான். எங்கள் ஊரில் சீமைக்கருவேலம் என்போம். என்னால் நம்பமுடியவில்லை. எங்கள் பக்கம் இதை வெட்டி எறியக் கூலி கொடுக்கிறார்கள். வயலில் முளைத்தால் சாபம் விடுகிறார்கள். இங்கே அந்த முள்ளுக்குச் சட்டப் பாதுகாப்பு!

"பட்டுப்போன கட்டை மட்டும் வெட்டலாம்" என்றார் அக்கா. "அதுவும் அட்டை கீறவங்க மட்டும், அட்டைக்கு ஒரு கட்டு."

வன இலாகாவிலிருந்து குப்பத்துக்கு மொத்தம் பத்து அட்டை கொடுத்திருந்தார்கள். குப்பத்தில் அதைப்போல நாலைந்து மடங்கு வீடுகள். அக்கா கையில் இருந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் முனியம்மா என்று இருந்தது.

"இது உங்க அட்டை இல்லையா அக்கா?"

"இந்த வாரம் என்னுது."

"பேர் முனியம்மான்னு இருக்கே?"

"எதிர்வூட்டு முனிம்மாதான். யாராச்சும் ஒருத்தி பேரப் போட்டாத்தான் அட்டை குடுப்பான். பேரு போட்டான்றதுக்காவ அவ மட்டும் சோறாக்கணுமா? இன்னாமா கேக்கற நீ!"

பிறகுதான் எனக்கு விளங்கியது. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. நல்ல இடம் உண்டு, வெறும் சேறும் உண்டு. ஆகவே ஊர்கூடிச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். இதற்குப் பாடு என்று பெயர். கொஞ்ச நாள் கழித்து மறுபடி சீட்டு, மறுபடி இடம் மாறும். யாரும் ஓரிடத்தைத் தனக்கே என்று வைத்துக்கொள்ள முடியாது. காலங்காலமாக இப்படித்தான். பத்து அட்டை வந்ததும் இவர்கள் வேறு எதையும் யோசிக்கவே இல்லை. அட்டைகளை ஊர்க் கூட்டத்தில் நடுவில் வைத்தார்கள், சீட்டுப் போட்டார்கள். வாராவாரம் அட்டை கை மாறிக்கொண்டிருந்தது. பட்டியலில் பேர் இருந்த பத்துப் பேரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த அட்டையை அச்சடித்த இடத்தில் என்ன நினைப்பார்கள் என்று மட்டும் யோசனையாக இருந்தது.

திரும்பி வருகிற வழியில் சவுக்குகளுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு தெரிந்தது. பறவை பார்க்க வரும் பெரிய மனிதர்கள் தங்குகிற விடுதியாம். உள்ளேயிருந்து தடதடவென்று ஒரு சத்தம். டீசல் ஜெனரேட்டர். இரண்டு மின்விசிறிகள் ஓடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"உங்க குப்பத்துக்கு ஏன் கரண்ட் வரலை?" என்று கேட்டேன்.

"கம்பம் நட்டாக்கா கம்பில பறவ மோதிச் சாவுமாம். சட்டத்துல எடமில்லன்ட்டான்."

"இந்த ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பறவை சாகாதா?"

"அது கவர்மெண்டு சத்தம்மா. பறவைக்குத் தெரியும்."

தெற்கே தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நின்றன. கப்பல் கப்பலாகக் கரி எரிகிறது. அந்தக் கரண்டில் மெட்ராஸ் முழுக்க விளக்கு. அதற்கு அனுமதி கொடுக்கிற கை, இங்கே ஒரு பெண்பிள்ளை உலை வைக்க நாலு முள்ளுக் குச்சியை ஒடித்தால் பிடித்துக்கொள்கிறது. நான் பறவைகளுக்கு எதிரி இல்லை. அன்று மாலை ஏரியில் இறங்கிய பூநாரைகளைப் பார்த்து வாய் பிளந்து நின்றவள்தான். ஆனால் இது என்ன நியாயம் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

மூன்றாம் நாள் விடிவதற்குள் பெரும் மழை கொட்டி ஓய்ந்தது. மழைக்குப் பிறகு ஏரியில் இறால் கூட்டம் கூட்டமாகக் கிளம்புமாம். படகுகள் எல்லாம் நிரம்பி வந்தன. குப்பமே திருவிழா மாதிரி இருந்தது. கன்னியப்பனும் முனியம்மாவின் புருஷனோடு போய்த் தன் பங்கைக் கூடையில் கொண்டுவந்தார். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். அக்கரையில் சாலை அறுத்துக்கொண்டு போய்விட்டது, ஐஸ் லாரி வராது என்று செய்தி வந்தது.

ஐஸ் இல்லாவிட்டால் இறால் சாயங்காலம் வரை தாங்காது. ஒரே வழி, உப்புத் தண்ணீரில் அவித்துக் காயவைப்பது. அவித்த இறாலுக்கு விலை குறைவு, ஆனால் அழுகாது. ஊரின் இறால் முழுவதையும் அவிக்க வேண்டுமென்றால் விறகு வேண்டும். அட்டை வைத்திருந்த பத்துப் பெண்களும் கத்தியை எடுத்துக்கொண்டு வடக்குக் கரைக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன், ஒற்றைச் செருப்போடு.

அன்றைக்கென்று பார்த்து விடுதிக்கு யாரோ மேலதிகாரி வந்திருந்தார் போலும். வன இலாகா ரேஞ்சர் தம் காவலாளியோடு கரையில் நின்றார். பெண்கள் அதற்குள் பத்துக் கட்டு கட்டிவிட்டார்கள். எல்லாம் பட்டுப்போன கட்டைதான், பச்சை ஒன்றுகூட இல்லை. ரேஞ்சர் அஞ்சலை அக்காவை நிறுத்தி அட்டையை வாங்கினார்.

"முனியம்மா யாரு, நீயா?"

அந்த இடத்தில் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் விவகாரம் முடிந்திருக்கும். அக்காவுக்கு ஒளிக்க ஏதோ இருக்கிறது என்பதே தோன்றவில்லை.

"முனிம்மா வூட்ல கீது சார். இந்த வாரம் எம் மொற. சீட்டுல எனக்கு வந்துது" என்றார், பெருமையாகக்கூட.

ரேஞ்சர் மற்ற ஒன்பது பேரையும் வரிசையாக நிறுத்தினார். பேர் கேட்டார். அவர்களும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். ஒரு அட்டையிலும் பேர் பொருந்தவில்லை. பத்து அட்டையையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கத்திகளைக் காவலாளி பொறுக்கினான். பத்துக் கட்டு விறகும் அரசாங்கச் சொத்து என்றார்.

நான் நடுவில் புகுந்தேன். "சார், பத்து அட்டைக்குப் பத்துக் கட்டு. ஒரு குச்சி கூட அதிகம் வெட்டலை. அப்புறம் என்ன?"

"யார் மேடம் நீங்க? ரூல்ஸ்படி அட்டையை வேற ஆளுக்குக் கைமாத்தக் கூடாது."

"வெட்டினது முனியம்மாவா அஞ்சலையான்னு மரத்துக்குத் தெரியுமா? பறவைக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியணும் மேடம். அதுக்குத்தான் பேரு."

"இது மரமே இல்லை சார், களை! எங்க ஊர்ல வந்து பாருங்க, கூலி கொடுத்து வெட்டறோம்."

"இது உங்க ஊர் இல்லை" என்றார். அது மட்டும் நிஜம். "விசாரணை முடியட்டும். லிஸ்ட்ல இருக்கற ஒரிஜினல் பத்துப் பேருக்கு மட்டும் திருப்பித் தருவோம். அவங்களே நிரந்தரமா வெச்சிக்கலாம். அவங்களுக்கு லாபம்தானே?" அவர் அதை ஒரு சலுகை மாதிரி சொன்னார். இன்னும் என்னென்னவோ கத்தினேன். வாய்க்கு வந்த சொற்களை எல்லாம் இங்கே எழுத முடியாது. இறால் அழுகிவிடும் என்று அஞ்சலை அக்கா கும்பிட்டுக்கூடப் பார்த்தார். ரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விடுதிப் பக்கம் நடந்தார். மேலதிகாரிக்குச் சாப்பாட்டு நேரமாம்.

குப்பத்துக்கு வெறுங்கையோடு திரும்பினோம். வெயில் ஏறிவிட்டது. பாயில் குவித்து வைத்திருந்த இறால்மேல் ஈ மொய்க்க ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் விளக்குக்கே போதாது. தென்னை மட்டை, கிழிந்த பாய் என்று சேர்த்ததில் ஒரு அண்டா கூடக் கொதிக்காது. சிலர் அஞ்சலை அக்காவைத் திட்டினார்கள்.

"வாய மூடிக்கினு தலையாட்டியிருந்தா இன்னா? பத்து அட்டையும் போச்சே உன்னால!"

"நான் இன்னாத்துக்குடி பொய் சொல்லணும்? திருடிக்கினா வந்தேன்?" என்று அக்காவும் பதிலுக்குக் கத்தினார். ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. இறாலைப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"யோவ், நம்ம படவ ஒடச்சிப் போடு" என்றார் புருஷனிடம்.

கன்னியப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். மழையில் மேலே நனைந்திருந்தாலும், குப்பத்திலேயே உள்ளுக்குள் காய்ந்து கிடந்த மரம் அது ஒன்றுதான். மற்ற படகுகள் எல்லாம் தண்ணீரில் ஊறியவை.

ஊர்த் தலைவர் தேசிங்கு ஓடி வந்தார். அவரைத்தான் எல்லோரும் நாட்டார் என்று கூப்பிட்டார்கள். "இன்னா கன்னியப்பா, பைத்தியமா? நாளைக்கு ஏரிக்குச் சீட்டு. படவு இல்லாதவனுக்குப் பாடு இல்லன்னு தெரியும்ல? பழசோ ஓட்டையோ, இது கரையில கெடக்கற வரைக்கும் உனக்குச் சீட்டு உண்டு. ஒடச்சிட்டா ஏரில உனக்கு எடமே கெடையாது."

"தெரியும் நாட்டாரே. நீங்க சொல்லித்தான் தெரியணுமா?" என்றார் கன்னியப்பன். "ஊரு எறா முழுக்க நாறினா, அதுக்கு என் பொண்டாட்டி வாயிதான் காரணம்னு நாளைக்குச் சொல்வீங்க. அத என்னால கேட்டுக்கினு கெடக்க முடியாது." எழுந்து கோடாரியை எடுத்தார்.

முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடியில் அக்கா விசும்பிய சத்தம் கேட்டது. பிறகு முனியம்மாவின் புருஷன் இன்னொரு கோடாரியோடு வந்தார். அதன்பிறகு ஊரே கைவைத்தது. பலகை முழுக்க வருஷக்கணக்கில் மீன் எண்ணெய் ஊறியிருந்தது. பற்றவைத்ததும் சடசடவென்று பிடித்துக்கொண்டது. என் அச்சில் அண்டா உட்காராது. மணலில் நீளமாகக் குழி வெட்டி, அண்டாக்களை வரிசையாக ஏற்றி, நானே ஊதினேன். கரும்புகை மேலே எழும்பியது. புகையில்லா அடுப்புப் பயிற்சியாளரான நான் என் வாழ்நாளில் மூட்டியதிலேயே அதிகமாகப் புகைந்த அடுப்பு அது. இருமிக்கொண்டே ஊதினேன், ஆத்திரம் தீர ஊதினேன். விறகு வெட்டாதே என்று சட்டம் போட்டவன் வந்து பார்க்கட்டும் என்று ஊதினேன்.

புகையைக் கண்டு காவலாளி மட்டும் வந்தான். அவனும் அந்தப் பக்கத்து ஆள்தான். பாதி எரிந்த பலகையைப் பார்த்தான், கன்னியப்பன் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா கட்டை இது? ரேஞ்சர் கேக்கச் சொன்னாரு."

"படவு" என்றார் அஞ்சலை அக்கா. "எங்க படவு. இதுல யாரு பேரும் எழுதல. வேணும்னா எரிஞ்சப்பறம் வந்து சாம்பலை எடுத்துக்கினு போ, அதுவும் கவர்மெண்டுதுன்னா."

அவன் திரும்பிப் போனான். பொழுது சாய்வதற்குள் ஊர் இறால் முழுக்க வெந்துவிட்டது. வலைகளை விரித்து அதன்மேல் பரப்பினோம். எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் அவித்த இறாலும் சோறும் தின்றார்கள்.

நான்காம் நாள் காலை ஏரிக்கரையில் சீட்டு. பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் போவதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். நானும் அக்காவும் நின்றோம். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, தன் அடையாளம் கீறிய ஓலைத் துண்டைப் பானைக்குள் போட்டார்கள். கன்னியப்பன் வட்டத்துக்கு வெளியே, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஓலை இல்லை.

நாட்டார் அவரைப் பார்த்தார். "உன் ஓலை எங்க?"

"படவு இல்லியே நாட்டாரே."

நாட்டார் ஒரு துண்டு ஓலையைக் கிழித்து, கன்னியப்பனின் அடையாளத்தைத் தானே கீறிப் பானைக்குள் போட்டார். பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "படவு இல்லாதவனுக்குப் பாடு இல்லன்றது நம்ம ஊருக் கட்டுப்பாடு. இன்னிக்கி இவனுக்கு, நாளைக்கு எவனுக்கு?" என்று கேட்டார்.

"கட்டுதான். நான் இல்லன்னு சொல்லல" என்றார் நாட்டார். "நேத்து நீ துன்ன எறா இன்னா கட்டையில வெந்துது, அத மட்டும் சொல்லிட்டு ஒக்காரு."

அந்த ஆள் உட்கார்ந்துவிட்டார். முனியம்மாவின் புருஷன், வேறு படகு வாங்கும்வரை கன்னியப்பன் தன்னோடு தன் படகிலேயே வரட்டும் என்றார். அதற்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமென்ன சொல்வதற்கு.

சீட்டு எடுத்தார்கள். கன்னியப்பனுக்கு வந்தது மேற்குக் கோடிச் சேறு. ஏரியிலேயே மோசமான இடம் அதுதான் என்று ஊரே எப்போதும் கேலி செய்கிற அதே சேறு. நண்டுகூட அங்கே பட்டினி கிடக்கும் என்பார்களாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இது அநியாயம்!" என்று கத்திவிட்டேன். அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "ஊருக்காகப் படகை எரிச்ச மனுஷனுக்கு இந்தச் சேறா? இன்னொரு தடவை எடுங்க! இல்லை, யாராவது நல்ல இடமா மாத்திக் கொடுங்க! உங்களுக்கு மனசாட்சி இல்லையா?"

கன்னியப்பனுக்கே வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். அஞ்சலை அக்கா என்னைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கரையைத் தாண்டி வந்தார்.

"உனுக்கு இன்னா கிறுக்கா? சீட்டுல வந்தா வந்ததுதான். சேறு எல்லாருக்கும் ஒரு வாட்டி வரும். போன வாட்டி நாட்டாருக்கே வந்துது, அவரு போவலியா? எங்களுக்கு மட்டும் இன்னா கொம்பு? எங்க பேரப் பாத்து எடத்தக் குடுத்தா, அப்பால அது பாடா?"

"அக்கா, எனக்குக் கோவம் வருது."

"வரட்டும். ஆனா எங்காளுங்க மேல எறக்காத. சீட்டுல எங்க வூட்டு ஓலையப் போட்டாங்க, எனக்கு அதுவே போதும். உன் கோவத்த அப்டியே தூக்கிக்கினு போ. பேரு கேட்டான் பாரு, அவங்கிட்ட போய் எறக்கு. பத்து அட்டையும் அவன் பையிலதான் கீது."

மத்தியானப் படகில் ஏறினேன். தகர அச்சை அக்காவின் வீட்டிலேயே விட்டுவிட்டேன், கோழி அடைக்கப் பயன்படும் என்றார். பழவேற்காட்டில் சாலையை மண்ணடித்துச் சரிசெய்திருந்தார்கள், பேருந்து புறப்படத் தயாராக நின்றது. நடத்துநர், "ஊருக்கா, ஏறும்மா" என்று கூவினார். நான் ஏறவில்லை. டீக்கடை பாயிடம் போய், "பறவை ஆபீஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.